பழைய டயர், எண்ணெய் டின், ஒரு போர்டு ஸ்டாண்ட்

கடத்தூர்ல பஞ்சர் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "பழைய டயர் குவிஞ்சு கிடக்கு தம்பி. கடை வாசல்ல வைக்கிற போர்டு ஸ்டாண்ட் செஞ்சு விக்கலாம்னு பாக்குறேன், சரியா வருமா?"ன்னு கேட்டிருந்தார்.

வரும்ணா. ஆனா 'மறுசுழற்சி'ன்னு சொல்லி முதல் ஸ்டாண்டை வித்துடலாம். அது காத்துல விழுந்துட்டா ரெண்டாவது விக்காது. அதனால இன்னைக்கு அதிகமா எடையைப் பத்தித்தான் பேசப்போறேன்.

இது புது யோசனை இல்ல. டயர்ல சிமென்ட் ஊத்தி நடுவுல பைப் நட்ட 'நோ பார்க்கிங்' போர்டை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அது ஏன் நல்ல யோசனைன்னா, அடிப்பாகத்துக்குப் பளபளப்பு வேண்டாம், கனம் போதும். கழிவுப் பொருளுக்கு ஏத்த இடம் அதுதான்.

எவ்வளவு கனம்?

2 அடிக்கு 3 அடி போர்டுன்னு வச்சுக்குவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா அடிச்சா, சுமார் 4 கிலோ விசை அதைத் தள்ளும். போர்டோட நடுப்பகுதி தரையிலிருந்து 3 அடி உயரத்துல இருந்தா, ஸ்கூட்டர் டயர் அகலத்துக்கு அடியில 20 கிலோவாவது வேணும். ஸ்கூட்டர் டயர் முழுக்க நிரப்ப ஏறக்குறைய 10 லிட்டர் கான்கிரீட் பிடிக்கும். லிட்டருக்கு 2.4 கிலோ. டயரோட சேர்த்தா 25 கிலோவைத் தாண்டிடும். அது போதும்.

காத்து வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும். அதுக்கு எந்த ஸ்டாண்டும் தாங்காது, போர்டை உள்ள எடுத்து வைக்கணும். அதனால கான்கிரீட்ல கொஞ்சம் பெரிய பைப் துண்டைப் புதைச்சு, கம்பத்தை அதுக்குள்ள சொருகி எடுக்கிற மாதிரி வைங்க. கம்பத்தை உருவிட்டா, டயரைச் சாய்ச்சு சக்கரம் மாதிரி உருட்டிட்டுப் போகலாம். 25 கிலோவைத் தூக்க ஆள் தேட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. டயரைப் பாதி மட்டும் நிரப்பாதீங்க. மீதி இடத்துல மழைத்தண்ணி நிக்கும், டெங்கு கொசுவுக்கு அதுதான் பிடிச்ச இடம்.

போர்டுக்கு என்ன?

15 கிலோ எண்ணெய் டின்னோட மேல், கீழ் மூடியை வெட்டி விரிச்சா, சுமார் 3 அடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்துல தகரம் கிடைக்கும். ரெண்டு டின் சேர்த்தா ஒரு போர்டு. விளிம்பை மடிச்சு அடிச்சிடுங்க, இல்லன்னா கையைக் கிழிக்கும். கரும்பலகை பெயின்ட் அடிச்சா சாக்பீஸ்ல எழுதலாம். வெத்தலை, தக்காளி விக்கிறவங்களுக்கு விலை தினம் மாறும். அவங்களுக்கு ஃப்ளெக்ஸை விட இதுதான் லாபம்.

ஃப்ளெக்ஸ் பிவிசி பூசின துணி. 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கு. தடிமனானதுக்கு அந்தத் தடை இல்ல, ஆனா எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்ஸின் மாதிரி நச்சுகள் வரும்.

எங்க வைக்கிறது?

2019 செப்டம்பர் 12 அன்னைக்கு, சென்னை பள்ளிக்கரணையில சாலை நடுவுல வச்சிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டர்ல போன ஒரு இளம் பொறியாளர் லாரியில சிக்கி இறந்தாங்க. அதனால ஸ்டாண்டை வாங்குறவங்ககிட்ட தெளிவா சொல்லிடுங்க: கடை எல்லைக்குள்ள மட்டும் வைங்க. பொது இடம்னா பேரூராட்சி அனுமதி வேணும். நடைபாதையை மறைக்கக் கூடாது.

எப்ப விக்கிறது?

கான்கிரீட்டுக்கு 7 நாள் தண்ணி காட்டுங்க. அப்புறம் ஒரு ஸ்டாண்டை உங்க கடை வாசல்லயே ஆடி மாசம் முழுக்க நிறுத்துங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. அந்த ஒரு மாசம் விழாம நின்னுச்சுன்னா, அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். விழுந்தா கனத்தைக் கூட்டாம முதல்ல போர்டை இறக்கிப் பாருங்க. உயரம் குறைஞ்சா தள்ளு விசையோட பலமும் குறையும்.

செஞ்சு பார்த்துட்டு, எத்தனை கிலோ வந்துச்சுன்னு மறக்காம சொல்லுங்கண்ணா. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.