ஊருக்கே வைத்தியம் பார்க்கும் படிப்பு!

தாம்பரம் சானடோரியம். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இது ஒரு ஸ்டேஷனின் பெயர். சானடோரியம் என்றால் காசநோய்க்காரர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்.

1928-ம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து 12 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்தில் காசநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் போய்ப் படுத்துவிட்டால், குடும்பம் என்ன ஆகும்?

வீட்டிலேயே குணமாகுமா?

பிறகு மருந்து வந்தது. ஆனால் நோயாளிகள் அதிகம், படுக்கைகள் குறைவு. "மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். "குழந்தை குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?" என்று மற்றவர்கள் பயந்தார்கள்.

விடை காண, 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து. ஓர் ஆண்டு சிகிச்சை நடந்தது.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை! பல நாடுகளில் சிகிச்சை முறையே மாறியது.

இது டாக்டர்கள் மட்டும் செய்த காரியம் அல்ல. வீடு வீடாகப் போய், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்த பணியாளர்கள் உண்டு. கணக்குப் போட்டு ஒப்பிட்ட புள்ளியியல் நிபுணர்கள் உண்டு. இந்த வேலைக்குத்தான் பொது சுகாதாரம் என்று பெயர்.

என்ன வேலை?

டாக்டர் ஒருவருடைய காய்ச்சலைப் பார்க்கிறார். பொது சுகாதாரம் படித்தவர், ஒரே தெருவில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் வந்தது ஏன் என்று பார்க்கிறார். தண்ணீரா? கொசுவா? சாக்கடையா? காரணத்தைக் கண்டுபிடித்தால், பதினோராவது ஆள் படுக்கமாட்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் தத்தளித்தன. வெள்ளம் வடிந்தால் அடுத்து வருவது வாந்திபேதி, காய்ச்சல். குடிநீரில் குளோரின் கலப்பது, கொசுவை ஒழிப்பது, மருத்துவ முகாம் நடத்துவது எல்லாம் இந்தத் துறையின் வேலைகள்.

என்ன படிக்கலாம்?

பிளஸ்-2 வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு சுகாதார ஆய்வாளர் பயிற்சி இருக்கிறது. பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு எம்.பி.எச். படிப்பு. தாம்பரத்துக்குத் தெற்கே, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் இதைக் கற்றுத் தருகிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் சமூக மருத்துவத்தில் மூன்று ஆண்டு எம்.டி. படிக்கலாம்.

மாநகராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம், ஆராய்ச்சிக் கூடம், தொண்டு நிறுவனம் என்று பல இடங்களில் வேலை உண்டு. உலக சுகாதார நிறுவனம் வரையிலும் வழி இருக்கிறது.

சேருமுன் கேளுங்கள்!

ஒன்றை மறக்க வேண்டாம். எம்.பி.எச். படித்தவர் டாக்டர் ஆகிவிட மாட்டார். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. அரசாங்கத்தின் சுகாதார அதிகாரி பதவிகள் பலவற்றுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும். "இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?" என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.

டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். ஒருவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது ஒரு படிப்பு. ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது இன்னொரு படிப்பு. இரண்டுமே உயிர் காக்கும் படிப்புதான்!