காற்றுக்கு முன்னால் ஒரு நாள்!

அமெரிக்காவில் 'டொர்னாடோ' என்று ஒரு சுழல்காற்று உண்டு. ஒரு தெருவைத் துடைத்துப் போட்டுவிட்டு, அடுத்த தெருவில் ஓர் ஓட்டைக்கூடத் தொடாமல் போய்விடும். எச்சரிக்கை கிடைப்பதோ சில நிமிஷங்கள்தான். நம் வங்கக் கடல் புயல் அப்படியில்லை. ஊர் ஊராகப் பரவி, மணிக்கணக்கில் அடித்து நொறுக்கும். ஆனால், இரண்டு மூன்று நாளைக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் வரும். அந்த அவகாசத்தில் வீட்டுப் பெண்களாகிய நாம் என்ன செய்து வைக்கிறோம் என்பதில்தான் பிறகு வரும் நாட்களின் நிம்மதி இருக்கிறது. கடலூர்க்காரியான எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது 'தானே' புயல்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர்! மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் யாரோ ஆட்டுக்கல்லை உருட்டுவதுபோல விடாமல் ஒரு சத்தம். நாலு வயதுப் பையன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வீடு பறந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஜன்னல் இல்லாத நடு அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் வடக்கேயிருந்து அடித்த காற்று, பிறகு மேற்கேயிருந்து அடித்தது, அப்புறம் தெற்கேயிருந்து. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்பவை. மையம் எங்களுக்கு வடக்கே கடந்ததால், அது நகர நகரக் காற்றும் திசை மாறியது. வடகாற்றுக்குத் தாக்குப் பிடித்த எதிர்வீட்டு வேப்பமரம் மேல்காற்றில் வேரோடு சாய்ந்தது. புயலின் கண் நேராகக் கடக்கிற ஊர்களில் நடுவே காற்று சட்டென்று அடங்கிவிடும். 'விட்டுவிட்டது' என்று வெளியே வந்துவிடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும்.

அந்தப் புயலில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் போன உயிர்கள் பல. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினாறு நாள் ஆயிற்று.

இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர்க் கஷ்டம்தான் பெரிது. மோட்டார் ஓடாவிட்டால் டாங்கில் தண்ணீர் ஏது? என் மாமியார் முந்தின நாளே அண்டா, குடம், குக்கர், தூக்குச்சட்டி வரை நிரப்பி மூடி வைத்திருந்தார். "எதுக்கு அத்தை இவ்வளவு?" என்றேன். "இருக்கட்டும்மா, கேட்கிறவங்களுக்கும் ஆகும்" என்றார். அடுத்த வீட்டு எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கரைக்க அந்த அண்டாத் தண்ணீர்தான் உதவியது.

என் பிறந்த வீடு சிதம்பரம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால் அங்கே அடி குறைவு. நாலாம் நாள் இரண்டு கேன் தண்ணீருடன் வந்த தங்கை வீட்டுக்காரர், "அங்கே கிளை ஒடிஞ்சதோட சரி. இங்கே ஊரே மொட்டையா நிக்குதே, அண்ணி!" என்று மலைத்துப் போனார்.

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோடு விழுந்தன. முந்திரி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷமாவது ஆகும். பலாவுக்கு இன்னும் அதிகம். முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு அடுப்பெரிவதே கேள்வியானது. மரத்தை நாம் கட்டிக் காப்பாற்ற முடியாது. வீட்டுக்குள் இருப்பதைக் காப்பாற்றலாம் அல்லவா?

புயல் என்று கேள்விப்பட்டதும் செய்ய வேண்டியவை இவைதாம். குடிநீரை நிரப்பி மூடுங்கள். டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டியை ஒரு டப்பாவில் போட்டு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். செல்போனை முழுக்க சார்ஜ் செய்யுங்கள். அவல், பொரி, பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவர்களின் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். ரேஷன் கார்டு, பத்திரம், பள்ளிச் சான்றிதழ்களை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்ததே! மொட்டை மாடித் தொட்டி, தகரம் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கூரை வீடோ, விரிசல் கண்ட சுவரோ என்றால் தயங்காமல் முகாமுக்குப் போய்விடுங்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கவனியுங்கள். 8, 9, 10 என்றால் பெரிய அபாயம். உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்தில் 1070.

புயல் போனபின் அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து அடிக்கடி கொடுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே அந்த டப்பாவையும் பையையும் தயார் செய்துவிடுங்கள், சகோதரிகளே. தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரு குடம் பிடியுங்கள்.