அங்கி அணிந்த பின்னும் பாடம்

பார் கவுன்சிலில் பதிவு பெற்று வழக்காடிவரும் ஒருவர், தொழிலை விடாமலே சட்டத்தைப் புதுப்பித்துக் கற்பதற்கான ஏற்பாடு தொடர் சட்டக் கல்வி எனப்படுகிறது. இதில் பட்டம் கிடையாது. தேர்வும் பெரும்பாலும் கிடையாது. கோர்ட்டு கலைந்த மாலையில் இரண்டு மணி நேரச் சொற்பொழிவு, சனிக்கிழமையில் முழுநாள் பயிலரங்கு, இணையவழி வகுப்பு எனப் பல வடிவங்களில் நடக்கிறது. கேட்க வருபவர்களில் சென்ற மாதம் பதிவான ஜூனியரும் இருப்பார், முப்பது ஆண்டு அனுபவம் உள்ள சீனியரும் இருப்பார். நாளைக் காலை தாக்கல் செய்யும் மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதே இருவருக்கும் பொதுவான கேள்வி.

இந்தியாவில் இந்தப் படிப்பின் அவசியம் 2024 ஜூலை 1 அன்று எல்லோருக்கும் உறைத்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும் அன்று விடைபெற்றன. அந்த இடங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகியவை வந்தன. முழுப் பெயரைச் சொல்லி மாளாது என்பதால் நீதிமன்ற வளாகங்களில் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்ற சுருக்கங்களே புழங்குகின்றன. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் இந்தச் சட்டங்களை எதிர்த்து நீதிமன்றப் புறக்கணிப்பிலும் இறங்கினார்கள். எதிர்த்தவர்களுக்கும் படிக்காமல் தீரவில்லை.

பிரிவு எண்கள்தானே மாறின, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட அட்டவணை ஒன்று போதாதா என்று தோன்றலாம். அப்படி அட்டவணைகள் ஏராளமாக அச்சாகின. கையில் இருப்பதும் நல்லதே. சிக்கல் என்னவென்றால், பழைய எண்கள் பல காணாமல் போகவில்லை. வேறு பொருளோடு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுவுக்கு '482' என்றே பல ஆண்டுகளாகப் பெயர். புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஊரடங்குச் செய்தி கேட்டுப் பழகிய பாமரருக்கும் தெரிந்த '144' இப்போது மனைவி, மக்கள், பெற்றோருக்கான ஜீவனாம்சப் பிரிவு. தடை உத்தரவின் புதிய எண் 163. கொலைக்குற்றம் 302இலிருந்து 103க்கும், மோசடி 420இலிருந்து 318க்கும் இடம் மாறின. நியாய சன்ஹிதாவில் மொத்தப் பிரிவுகளே 358 என்பதால் 420 என்ற எண்ணே அதில் இல்லை. ஃபோர் ட்வென்டி என்ற வசவு மட்டும் தமிழில் நிலைத்துவிட்டது.

இதைவிடச் சிக்கலானது, இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குத் தண்டனை பழைய சட்டப்படிதான். அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகளும் பழைய நடைமுறைப்படியே தொடரும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 531 சொல்கிறது. ஆகவே ஒரே காலையில், ஒரே நீதிமன்றத்தில், முதல் கேஸ் கட்டுக்கு ஒரு புத்தகமும் அடுத்த கட்டுக்கு இன்னொரு புத்தகமும் வேண்டும். இது பல ஆண்டுகளுக்கு நீடிக்கும்.

உள்ளடக்கத்தில் வந்த மாற்றங்களும் சிறியவை அல்ல. பழைய சட்டத்தில் போலீஸ் காவல் என்றால் முதல் ரிமாண்டிலிருந்து பதினைந்து நாட்களோடு முடிந்துவிடும் என்பது நெடுங்காலம் நிலைத்திருந்த விதி. புதிய நடைமுறைச் சட்டத்தின் 187ஆம் பிரிவு அதே பதினைந்து நாட்களை, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகவும் கேட்க இடம் தருகிறது. ஜாமீன் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் இனி போலீஸ் காவல் வராது என்று வாக்குக் கொடுக்கும் நாள் இதனால் தள்ளிப்போகிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பதும், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்பதும் குறுக்கு விசாரணைக்குப் புதிய கேள்விகளைக் கொடுக்கின்றன.

ஒரு பயிற்சி வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளத் தகுந்தது மின்னணுச் சாட்சியம். ஒரு சிசிடிவி பதிவையோ வாட்ஸ்அப் உரையாடலையோ நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால், அதைப் பதிந்த கருவி பற்றிய சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு அதைக் கேட்டது. அன்வர் வழக்கில் 2014இலும், அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020இலும் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு அதற்கென ஒரு படிவத்தையே அட்டவணையில் சேர்த்திருக்கிறது. முதல் பகுதியில் சாட்சியத்தைத் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவர். கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிக்க வேண்டும். ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் எண்ணெழுத்துக் கோவைதான் ஹேஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை வேறாகிவிடும். கணினியைத் திறந்து ஒருமுறை அதைக் கணக்கிட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். சட்டப் புத்தகத்தை மட்டும் வாசித்தால் பலருக்குக் கடைசிவரை புரியாது.

பிசகினால் நட்டம் யாருக்கு என்பதற்கு உரிமையியல் பக்கத்தில் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சாதாரண சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், அதிகபட்சம் 90 நாள். அந்த 90 நாளும் தளர்த்தக்கூடியதே என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் சொன்னது. அந்தத் தளர்வுக்குப் பழகிய கை, 2015இல் வந்த வணிக நீதிமன்றச் சட்டத்தில் அடிபடும். அங்கே எல்லை 120 நாள். தாண்டினால் எதிருரைக்கான உரிமையே போய்விடும். நீதிபதி நினைத்தாலும் நீட்ட முடியாது. வழக்கறிஞருக்குத் தெரியாததால் போனது கட்சிக்காரரின் தற்காப்பு. இப்படி இழந்தவர் நுகர்வோர் மன்றத்துக்கும் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், இந்தியாவில் வழக்கறிஞர் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் படித்தே ஆக வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம் நடைமுறைக்கு வரவில்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், கருத்தரங்கு நடத்துவதையும் அறிஞர்களை அழைத்துப் பேச வைப்பதையும் பார் கவுன்சில்களின் பணிகளில் சேர்த்தது. வந்து கேட்பது வழக்கறிஞரின் விருப்பம். அதே சட்டத்தில் முதலில், பட்டத்துக்குப் பிறகு பயிற்சியும் தேர்வும் முடித்தால்தான் பதிவு என்ற நிபந்தனை இருந்தது. 1973இல் அதை நீக்கினார்கள். 1995இல் பார் கவுன்சில் தன் விதிகள் வழியாக ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதற்கு அதிகாரமில்லை என்று சுதீர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011இலிருந்து அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது. அது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வாசலில் ஒருமுறை கேட்கும் கேள்வி. உள்ளே நுழைந்தவரை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு யாரும் கேட்பதில்லை.

நீதிபதிகளின் நிலை வேறு. அவர்களுக்குப் போபாலில் தேசிய நீதித்துறை அகாடமியும் சென்னையில் மாநில நீதித்துறை அகாடமியும் இருக்கின்றன. பணியில் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் பயிற்சி உண்டு. மேடைக்கு மேலே இருப்பவருக்கு அரசு செலவில் வகுப்பு, கீழே நின்று வாதிடுபவருக்குத் தன் முயற்சி என்பது விசித்திரமான ஏற்பாடுதான்.

அந்த இடைவெளியை இதுவரை நிரப்பிவந்தது சீனியரின் அலுவலகம். மனு எழுதுவதும், சாட்சியை எங்கே நிறுத்துவது என்பதும் அங்கேதான் கைமாறின. நல்ல சீனியர் கிடைத்தவருக்கு அதற்கு ஈடான பள்ளி இல்லை. கிடைக்காதவருக்கு வாய்தா வாங்கப் பழகுவதோடு படிப்பு நின்றுவிடும். சீனியரே கற்றிராத சட்டம் வரும்போது அந்த வழியும் அடைபடுகிறது. அப்போது வழக்கறிஞர் சங்கங்களின் கூட்டங்களே கைகொடுக்கின்றன. கேரள பார் கவுன்சில் இதற்கென்றே கொச்சியில் எம்.கே.நம்பியார் பெயரில் ஓர் அகாடமி வைத்திருக்கிறது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனுக்காக 1950இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் அவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம் இன்னொரு முன்மாதிரி. சமரசராகப் பணியாற்ற விரும்பும் வழக்கறிஞர் 40 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். வெல்ல வாதாடிப் பழகியவர், இரு தரப்பையும் பேசவிட்டுக் கேட்கக் கற்பது அங்கே பாதிப் பாடம்.

கட்டாயம் என்ற பாதையில் முதலில் போன நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. நியூயார்க்கில் 1933இலேயே வழக்கறிஞர்களுக்கான வகுப்புகள் தொடங்கி, பிராக்டிஸிங் லா இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனமாக வளர்ந்தன. 1973இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர், விசாரணை நீதிமன்றங்களில் தோன்றும் வழக்கறிஞர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை போதிய தகுதியற்றவர்கள் என்ற பொருளில் பேசியது பெரும் சர்ச்சையானது. 1975இல் மினசோட்டாவும் அயோவாவும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தன. மினசோட்டாவில் மூன்று ஆண்டுக்கு 45 மணி நேரம், கலிபோர்னியாவில் 25. நியூயார்க்கில் இரண்டு ஆண்டுக்கு 24. அதில் ஒரு பகுதி தொழில் ஒழுக்கத்துக்கு. அண்மையில் நியூயார்க், கணினிப் பாதுகாப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியது. மேரிலாந்து, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் இன்றும் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன.

மணிக்கணக்கு முறைக்கு ஒரு நோய் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மணி கணக்கில் ஏறும். கடற்கரை விடுதியில் வகுப்பு வைத்து விடுமுறையையும் படிப்பையும் ஒன்றாக முடிப்பது அமெரிக்காவில் பழைய கேலிப்பேச்சு. இங்கிலாந்து இதைப் பார்த்து வேறு திசையில் போனது. சொலிசிட்டர்கள் ஆண்டுக்கு 16 மணி நேரம் படிக்க வேண்டும் என்ற விதியை 2016 நவம்பரில் கைவிட்டு, தனக்கு எங்கே குறை என்று அவரவரே ஆராய்ந்து, அதைச் சரிசெய்து பதிவு செய்ய வேண்டும் என்று மாற்றியது. நேர்மையானவருக்கு அது நல்ல முறை. மற்றவர்களைப் பொறுத்தவரை சந்தேகம்தான்.

வகுப்பின் தரம் நேரத்தைவிட முறையைப் பொறுத்தது. 1971இல் அமெரிக்காவில் உருவான நேஷனல் இன்ஸ்டிடியூட் ஃபார் ட்ரையல் அட்வகசி, சொற்பொழிவைக் குறைத்துச் செய்து பழகுவதைக் கூட்டியது. பயிற்சி பெறுபவர் ஒரு கற்பனை வழக்கின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். உடனே அனுபவசாலி ஒருவர் எந்தக் கேள்வி பிசகியது என்று சொல்வார். மறுபடி செய்ய வேண்டும். பத்து வழக்கறிஞர்களுக்கு ஒரு நாள் தேவைப்படும் இந்த முறைக்குச் செலவும் ஆசிரியர்களும் அதிகம். நூறு பேரை அமர்த்தி ஒருவர் பேசுவதே எங்கும் பெருவழக்காக இருப்பதற்கு அதுவே காரணம்.

புதிய பாடங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்புத் திரட்டில் எண்ணைத் தேடிச் சரிபார்ப்பது ஜூனியரின் முதல் வேலையாக இருந்த காலத்துப் பழக்கம், இப்போது தனி வகுப்பாகத் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் மொழியும் ஒரு கேள்வி. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் தமிழைப் பயன்படுத்த மாநில ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. சட்ட விளக்க நூல்களும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சென்னையில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பைக் கேட்டவர், ஊருக்குத் திரும்பி அதைத் தமிழ் மனுவாகவும் தமிழ்க் குறுக்கு விசாரணையாகவும் தானே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாவட்ட, தாலுகா அளவில் வழக்கறிஞர் சங்கங்கள் தமிழில் நடத்தும் கூட்டங்கள், செலவில்லாமல், பயணமில்லாமல், அந்த வேலையை வகுப்பிலேயே முடித்துவிடுகின்றன.