ஓடு பழையது, பருப்பு புதியது

வேர்க்கடலையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறது. அந்தப் பருப்புக்கு ஆங்கிலத்தில் ‘கெர்னல்’ என்று பெயர். மேல் ஓட்டுக்கு ‘ஷெல்’ என்று பெயர். கணினியின் இயக்க அமைப்பை உருவாக்கியவர்கள் இவ்விரு சொற்களையும் அப்படியே எடுத்துக் கொண்டார்கள். நாம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வெளிப்பகுதி ஷெல். உள்ளே இருந்துகொண்டு நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, திரை, விசைப்பலகை, வைஃபை ஆகியவற்றிடம் வேலை வாங்குவது எல்லாம் கெர்னல்.

வேர்க்கடலையில் ஓட்டை வைத்துக்கொண்டு பருப்பை மட்டும் மாற்ற இயலாது. கணினியில் இயலும். அதை ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்ற முடிகிறது என்பதையே இங்கே காணப் போகிறோம்.

2024ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு புதிய மடிக்கணினி வந்தது. மற்றக் கணினிகளில் இருந்த டெபியன் 12 என்னும் இயக்க அமைப்பையே அதிலும் நிறுவினோம். தனி ஊசலின் அலைவு நேரத்தை உணரி கொண்டு அளந்து வரைபடம் போட்டுக் காட்டும் நிரல் ஒன்று எங்களிடம் உண்டு. அது டெபியன் 12இல் பிசகாமல் ஓடும் என்பது எங்களுக்குத் தெரியும். புதிய கணினியிலும் அது ஓடியது. ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்பதைவிட, அப்படி ஒரு கருவி உள்ளே இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை! செய்முறைத் தேர்வுக்கோ நான்கு நாள்தான் இருந்தது.

கருவியில் பழுதில்லை. காரணம் தேதியில் இருந்தது. டெபியன் 12 வெளியானது 2023 ஜூன் 10 அன்று. அதில் உள்ள லினக்ஸ் கெர்னல் 6.1. இந்தக் கெர்னல் பிறந்ததோ 2022 டிசம்பரில். எங்கள் மடிக்கணினியின் வைஃபை சில்லு அதற்குப் பின்னர் சந்தைக்கு வந்தது. பிறக்காத பிள்ளைக்கு யார் சட்டை தைத்து வைப்பார்கள்?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். டெபியன் 12க்கு வாரந்தோறும் திருத்தங்கள் வந்துகொண்டுதானே இருந்தன, அவற்றோடு புதிய கெர்னலையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே என்று. அனுப்ப மாட்டார்கள். அதுதான் ‘நிலையான’ பதிப்பு என்பதன் பொருள்.

நிலையானது என்றால் என்ன?

இயற்பியலில் நிலையான சமநிலை என்று படித்திருப்பீர்கள். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டைச் சற்றுத் தள்ளினால் அது மீண்டும் அடிக்கே வந்து சேரும். டெபியனில் அச்சொல்லின் பொருள் வேறு. அங்கே ‘நிலையானது’ என்றால் ‘மாறாதது’ என்றே கொள்ள வேண்டும். ஒரு பதிப்பு வெளியான பிறகு அதிலுள்ள ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாதுகாப்புக் குறைகளும் பெரிய பிழைகளும் மட்டும் திருத்தப்படும். புதிய வசதிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் அடுத்த பதிப்பில்தான் பெறலாம்.

டெபியனை 1993 ஆகஸ்டில் தொடங்கியவர் இயன் மர்டாக். அதன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களுடைய பெயர்களைச் சூட்டுவது வழக்கம். டெபியன் 12க்குப் ‘புக்வார்ம்’ என்று பெயர். எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் நிலையற்ற பதிப்புக்கு ‘சிட்’ என்று பெயர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் சிறுவன் அவன்! சிட்டில் நுழையும் மென்பொருள் அங்கே அடிபட்டு, பிறகு ‘டெஸ்டிங்’ எனப்படும் சோதனைப் பதிப்புக்கு வந்து, இறுதியில் நிலையான பதிப்பாகிறது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

லினக்ஸ் கெர்னலோ இத்தனை நிதானமாக நடப்பதில்லை. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துவிடும். 6.1, 6.2, 6.3 என்று எண் ஏறும். 6.9க்கு அடுத்தது 6.10, பிறகு 6.11, 6.12. இந்தப் புள்ளியைத் தசமப் புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். 6.12 என்பது ஆறாம் பாடம், பன்னிரண்டாம் பகுதி என்பதைப் போன்றது, 6.2ஐவிடப் புதியது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்கள்தான் இதில் முதலில் ஏமாறுகிறார்கள்.

சாளரத்துக்கு இப்பால், அப்பால்

சரி, கெர்னலை மட்டும் மாற்றினால் மேலே ஓடும் நிரல்கள் குழம்பிவிடாதா?

இரயில் முன்பதிவுச் சாளரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் உள்ளே இருப்பவர் பெரிய பேரேட்டைப் புரட்டி இடம் ஒதுக்கினார். 1980களில் பேரேட்டின் இடத்தில் கணினி வந்தது. வெளியே நிற்கும் பயணி அப்போதும் பெயர், வயது, வண்டி, தேதி என்றுதான் எழுதிக் கொடுத்தார். உள்ளே நடந்த மாற்றம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கெர்னலுக்கும் நிரல்களுக்கும் இடையே இப்படி ஒரு சாளரம் உண்டு. அதன் வழியே நிரல் கேட்கும் கோரிக்கைகளுக்குச் ‘சிஸ்டம் கால்’ என்று பெயர். கோப்பைத் திற, இத்தனை எழுத்துகளைப் படி, இதை எழுது, மூடு — இவை போன்ற சில நூறு கோரிக்கைகளே உள்ளன. 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தச் சாளரத்தைப் பொறுத்தவரை மிகக் கண்டிப்பானவர். நேற்று ஓடிய நிரல் இன்றைய கெர்னலிலும் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் பிழை கெர்னலுடையது, நிரலுடையது அன்று என்பது அவருடைய விதி. எங்கள் ஊசல் நிரல் எந்தக் கெர்னல் எண்ணையும் கவனிப்பதில்லை. அது சாளரத்தில் கேட்கும்; விடை வந்தால் போதும்.

ஆனால் இந்த உறுதிமொழி சாளரத்துக்கு இப்பால் மட்டுமே. கெர்னலின் உட்புறத்தில் எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். இதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

புதியதைப் பழைய வீட்டுக்கு அழைத்தல்

புதிய கெர்னலைப் பெறச் சிலர் குறுக்கு வழி ஒன்றைத் தேடுவார்கள். நிலையான பதிப்பில் சோதனைப் பதிப்பின் கிடங்கையும் சேர்த்து, வேண்டியதை இழுத்துக்கொள்வது. ஒன்றை இழுத்தால் அதற்குத் துணையான நூலகங்கள் பத்து கூடவே வரும். அவற்றை நம்பியிருந்த பழைய நிரல்கள் தள்ளாடும். இப்படிக் கலந்து கட்டிய அமைப்புக்கு டெபியன் வட்டாரத்தில் ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று கேலிப் பெயரே உண்டு.

முறையான வழி ‘பேக்போர்ட்ஸ்’ எனப்படும் தனிக் கிடங்கு. சோதனைப் பதிப்பில் உள்ள புதிய மென்பொருளை எடுத்து, நிலையான பதிப்பின் பழைய நூலகங்களோடு பொருந்துமாறு மீண்டும் தொகுத்து அங்கே வைக்கிறார்கள். அந்தக் கிடங்கை இணைத்த மாத்திரத்தில் எதுவும் தானாக மாறிவிடாது. ‘எனக்குக் கெர்னல் மட்டும் அங்கிருந்து வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். இந்த அடக்கம்தான் அதன் சிறப்பு என்பது என் கருத்து. பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கே நிலையான பதிப்பில் உள்ள அளவுக்கு உறுதியாக வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்கியவர் அடிக்கடி புதுப்பித்துக் கொள்வதே நல்லது.

கைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கி, அப்போது பேக்போர்ட்ஸில் இருந்த கெர்னலை இறக்கினோம். மறுபடி இயக்கினோம். வைஃபை சில்லைக் கெர்னல் கண்டுகொண்டது. ஆனால் அப்போதும் இணைப்பு இல்லை! அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ‘ஃபர்ம்வேர்’ என்னும் சிறு நிரல் தனிக் கோப்பாக வரும். நாங்கள் கெர்னலைப் புதிதாக எடுத்துவிட்டு, ஃபர்ம்வேரைப் பழையதாகவே விட்டிருந்தோம். அதையும் அதே கிடங்கிலிருந்து எடுத்த பின் அன்று மாலையே இணைப்பு கிடைத்தது.

மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பா?

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், பழைய கெர்னலே பத்திரம் என்று நினைக்கலாம். 2023 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள்.

டெபியன் 12க்குத் திருத்தங்கள் அடங்கிய 12.3 வெளியாக வேண்டிய நாள் டிசம்பர் 9. அதிலிருந்த கெர்னல் 6.1.64. எக்ஸ்ட்4 என்னும் கோப்பு அமைப்பில் அது தரவைக் கெடுக்கக்கூடும் என்பது அன்றே தெரியவந்தது. வெளியீட்டை நிறுத்திவிட்டு, சரிசெய்த கெர்னலுடன் மறுநாளே 12.4ஐ வெளியிட்டார்கள்.

பிழை எப்படி நுழைந்தது? புதிய கெர்னலில் எழுதப்பட்ட திருத்தம் ஒன்றைப் பழைய 6.1க்குக் கொண்டுவந்து ஒட்டினார்கள். அந்தத் திருத்தம், 6.5இல் முன்னரே செய்யப்பட்ட வேறொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த மாற்றம் 6.1இல் இல்லை. விளைவு, சில வகை எழுதல்களுக்குப் பின், கோப்பில் அடுத்து எங்கே எழுதுவது என்று காட்டும் எண் தவறிப்போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் அடையாள நூல் தவறான பக்கத்தில் கிடந்தால் என்னாகும்? ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதுவோம். பழைய கெர்னலும் நாள்தோறும் தொடப்படுகிறது. தொடாமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடா.

இப்போது நான் சொல்லாமல் வைத்த வினை. வைஃபை வெற்றியால் துணிவு பெற்று, ஆய்வகத்தின் இன்னொரு கணினியிலும் புதிய கெர்னலை ஏற்றினேன். அதற்கு எந்தத் தேவையும் இல்லை, வெறும் ஆசைதான். மறுபடி இயக்கியபோது திரை கறுப்பாகவே நின்றது. அதன் வரைகலை அட்டைக்கான இயக்கி கெர்னலுடன் வருவது அன்று. அட்டை தயாரிப்பாளர் தனியாகத் தருவது. அது கெர்னலின் உட்புறத்தோடு பேசுகிறது. உட்புறம் மாறியதும் அதனால் பொருந்த முடியவில்லை.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. ஆனால் டெபியன் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை அழிப்பதில்லை, அருகிலேயே வைத்திருக்கிறது. கணினியை நிறுத்தி இயக்கினேன். தொடக்கத்தில் சில விநாடிகள் தோன்றும் ‘கிரப்’ பட்டியலில் மேம்பட்ட தேர்வுகள் என்னும் வரியைத் திறந்தால் இரண்டு கெர்னல்களும் வரிசையாக இருந்தன. 6.1ஐத் தேர்ந்தெடுத்தேன். திரை விழித்துக் கொண்டது. கிண்ணத்தின் கோலிக்குண்டு அடிக்கு வந்து சேர்ந்தது! புதிய கெர்னலை அந்தக் கணினியிலிருந்து அன்றே நீக்கிவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13, கெர்னல் 6.12உடன் வந்தது. எங்கள் மடிக்கணினிக்கு அதிலிருந்தே வைஃபை கிடைக்கிறது, பேக்போர்ட்ஸ் தேவைப்படவில்லை.

உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால் ஆசிரியரின் அனுமதியுடன் டெர்மினலைத் திறந்து, ‘யூநேம்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய ‘ஆர்’ எழுத்தும் சேர்த்து எண்டர் விசையை அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண் தெரியும். பிறகு கணினியை மறுபடி இயக்கி, கிரப் பட்டியலில் எத்தனை கெர்னல்கள் காத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.