தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை ‘அவுட்’!

கையுறை, மழைக்கோட்டு வைத்திருப்போர் கவனத்துக்கு...

நாகர்கோவில்:-
குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் போனால், விடியும் முன்பே பால் வெட்டு தொடங்கிவிடும். மரத்தில் கோடு கிழித்து, சிரட்டையில் வடியும் வெள்ளைப் பால்தான் ரப்பர். 1984–ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் ரப்பர் விளைகிற ஊரிலேயே, ரப்பர் உறையை எப்படிப் போடுவது, எப்படிப் பாதுகாப்பது என்று பலருக்குத் தெரியவில்லை. “போன மழைக்கு வாங்கினது, அதுக்குள்ள பிசுபிசுன்னு ஒட்டிப்போச்சே” என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள். குற்றம் கடைக்காரர் மேலா, நம் மேலா?

பால் உறையாவது எப்படி?

பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். இயந்திரத்தில் சுழற்றித் தண்ணீரைக் குறைக்கிறார்கள். பிறகு கந்தகம் முதலிய மருந்துகளைக் கலந்து, கை வடிவ பீங்கான் அச்சை அதில் முக்கிச் சூடேற்றினால் கையுறை தயார்.

1823–ல் ஸ்காட்லாந்தில் மெக்கின்டாஷ் என்பவர் ரப்பர் பூசிய மழைக்கோட்டுத் துணி செய்தார். வெயிலில் அது ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 1844–ல் அமெரிக்காவில் குட்இயர் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

நான்கு எதிரிகள்

முதல் எதிரி எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு உறையை மாட்டினால் ரப்பர் ஊறி, இளகி, கிழிந்துவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் பட்டாலும் இதே கதிதான்.

இரண்டாவது வெயில். கழுவி மொட்டை மாடியில் காயப் போட்டால் வெடிப்பு விழும். மூன்றாவது செம்பு, பித்தளை. பித்தளைக் கொக்கியில் தொங்கவிட்டால் கறை பிடித்து, அந்த இடம் நைந்துபோகும். நான்காவது மடிப்பு. இறுக்கி மடித்து வைத்தால் மடித்த கோட்டிலேயே பிளக்கும்.

என்ன செய்யணும்?

மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். நகத்தை வெட்டுங்கள். கையை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

வேலை முடிந்ததும் சாதாரண சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, நிழலில் தொங்கவிடுங்கள். ஈரம் போனபின் கொஞ்சம் பவுடர் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது. இஸ்திரிப்பெட்டி பக்கமே கொண்டு போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை போட்டுக் கழற்றும் உறையைக் கழுவி மறுபடி போடவே கூடாது. அவற்றில் பவுடரும் ஆகாது. பவுடர் போட்ட மருத்துவ உறைகளை அமெரிக்கா 2017–ல் தடையே செய்துவிட்டது. ரப்பர் பட்டு அரிப்பு, தடிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நைட்ரைல் உறைக்கு மாறலாம்.

இப்போது கடையில் தொங்கும் மழைக்கோட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது நைலான். ரப்பர் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள்.

லைன்மேன் கையில் உயிர்

2017 நவம்பர் 30–ந்தேதி ஒக்கி புயல் அடித்தபோது, ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கம்பம் ஏறுகிறவர் கையில் இருக்கும் ரப்பர் உறையில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் முடிந்தது கதை!

அதனால்தான் மாட்டும் முன் சோதனை. உறையின் வாயைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து அழுத்த வேண்டும். காதோரம் வைத்துக் கேட்க வேண்டும். ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் அந்த உறை குப்பைக்கு.

ஒரு எச்சரிக்கை: பாத்திரம் தேய்க்கும் உறையைப் போட்டுக்கொண்டு வீட்டில் பியூஸ் போடப் போகாதீர்கள். அது மின்சாரத்துக்காகச் செய்த உறை அல்ல.

உறை போனால் வேறு வாங்கலாம். கை போனால்...?