வாலைப் பார்த்து வாங்குங்க

பாஸ்பேட், பாஸ்பைட், பாஸ்பைடு. கடையில் யாராவது வேகமாகச் சொன்னால் மூன்றும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். பாஸ்பேட் பயிருக்குச் சோறு. எலும்புத்தூளில் இருப்பது அதுதான். பாஸ்பைட்டைச் செடி உறிஞ்சும், ஆனால் சத்தாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. அது அழுகல் நோய்க்கு அடிக்கிற பூஞ்சணக்கொல்லி. பாஸ்பைடு என்பது தானிய மூட்டைகளுக்கு நடுவே வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். விழுங்கினால் முறிவு மருந்து கிடையாது.

மூன்றுக்கும் தலை பாஸ்பரஸ்தான். ஆளைக் காட்டுவது வால்.

இந்த வால்களை ஒழுங்காக வகுத்தது 1787-ல், பிரான்சில் லவாய்சியரும் அவர் கூட்டாளிகளும். அதற்கு முன்பு அங்கேயும் நம்ம துருசு, அன்னபேதி, வெடியுப்பு மாதிரிதான் பெயர்கள். கூப்பிட அழகு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. அவர்கள் கணக்கு எளிது. 'ஏட்' என்றால் ஆக்சிஜன் கூடுதல். 'ஐட்' என்றால் அதைவிட ஒன்று குறைவு. 'ஐடு' என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் சேராத கூட்டு (ஆக்சைடு, ஹைட்ராக்சைடு விதிவிலக்கு). சல்பேட்டில் நாலு ஆக்சிஜன், சல்பைட்டில் மூணு, சல்பைடில் இல்லவே இல்லை. நைட்ரேட்டில் மூணு, நைட்ரைட்டில் ரெண்டு. நம்ம மண்ணுக்குள்ளேயே இது நடக்கிறது: சாணத்திலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் கிருமி நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து நைட்ரேட் ஆக்கும். வேர் பெரும்பாலும் எடுப்பது கடைசியில் வருவதை.

அமிலத்துக்கும் வால் உண்டு. 'இக்' அமிலம் தருவது 'ஏட்' உப்பு, 'அஸ்' அமிலம் தருவது 'ஐட்' உப்பு. நைட்ரிக்–நைட்ரேட், நைட்ரஸ்–நைட்ரைட். புளித்த மோரின் லாக்டிக் அமிலத்துக்கு உப்பு லாக்டேட். (பெரஸ் சல்பேட்டில் வரும் 'அஸ்' இரும்பின் நிலையைச் சொல்வது, அது வேறு கதை.)

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கழிவு வாங்கி, வெல்லம் போட்டு மீன் அமிலம் ஊறவைக்கும் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: "அமிலம்னா செடி பொசுங்காதா?" அதில் இருப்பவை அமினோ அமிலங்கள். கிளைசின், லைசின் என்று 'இன்' வாலோடு வரும் வேறு குடும்பம். நிறையத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால்தான் செடி கெடும்.

வால் நல்லது கெட்டதைச் சொல்லாது என்பதையும் மனசில் வைக்கணும். ஆர்சனேட்டும் 'ஏட்'தான், கொடிய விஷம்.

நமக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. தமிழில் 'ட்' ஒன்றே இரண்டு ஓசைக்கும் வேலை செய்கிறது. பாஸ்பைடு, பாஸ்பைட் இரண்டுக்கும் நடுவே ஓர் உகரம்தான். அவசரத்தில் சீட்டு எழுதுகிறவர் அதை விட்டுவிடுவார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைச் சமாளித்திருக்கின்றன: அங்கே சல்பைட்டு வேறு, சல்பைற்று வேறு, சல்பேற்று வேறு. றகரம் வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இங்கே நாமும் அப்படி எழுதலாம் என்பது என் எண்ணம்.

ஆங்கில எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அதுவும் 'டி', இதுவும் 'டி'. அதனால் துண்டுச் சீட்டை நம்பி வாங்காமல் டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்க. அலுமினியம் பாஸ்பைடு என்றால் லேபிளில் சிவப்பு முக்கோணம் இருக்கும்.