ரினியூவல் பட்டனை அழுத்தும் முன்...

கார் பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எஸ்.எம்.எஸ். வரத் தொடங்கிவிடும். கார் வாங்கிய ஷோரூமிலிருந்து ஒரு போன், ஏஜென்டிடமிருந்து ஒரு போன், முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்து நாலு போன். தொல்லை தாங்காமல், போன வருடம் கட்டியதையே கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். எங்கே ஆயிரம் ரூபாய் குறைகிறதோ அங்கே தாவுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் பாலிசியைப் பிரித்துப் படிப்பதில்லை. விலை ஒன்றை மட்டும் பார்த்து கம்பெனி மாறக் கூடாது என்பது என் கட்சி.

பிரீமியத்தில் தேர்ட் பார்ட்டிக்கான தொகையை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் மாதக் கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு 3,416 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான். ஆக, ஒருவர் விலையைக் குறைத்துச் சொல்கிறார் என்றால், நம் வண்டியின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில்தான் குறைத்தாக வேண்டும். அது உண்மையான தள்ளுபடியாக இருக்கலாம். ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடப்படும் மதிப்பில், கை வைத்ததாகவும் இருக்கலாம்.

வண்டி திருடு போனாலோ, பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினாலோ கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்வது இந்தத் தொகையைத்தான். கார் ஐந்து வயதைக் கடந்த பிறகு, கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்வதுதான் ஐ.டி.வி. நாம் எங்கே பேசுகிறோம்? ஐந்து லட்சம் பெறுமான காரை நாலு லட்சம் என்று போட்டு பிரீமியத்தைக் குறைத்துக் காட்டினால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வண்டி போகும் நாளில் ஒரு லட்சம் நம் பாக்கெட்டிலிருந்து போகும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது, ஐ.டி.வி.யைச் சமமாக வைத்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சென்னைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு: 'இன்ஜின் புரொடெக்ட்'. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே அடக்கம்தான். ஆனால், தண்ணீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புகிறோமே, அங்கேதான் வினை. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அழுத்தத்துக்கு இளகாது. மேலே ஏறும் பிஸ்டன் அதன்மீது முட்ட, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் சர்வேயர், 'இது வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது' என்று எழுதிவிட்டால் இன்ஜின் செலவு முழுக்க நம் தலையில். இந்தக் கூடுதல் கவரைப் பொதுவாக பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். அக்டோபரில் மழை கொட்டத் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று உங்கள் கம்பெனி இதைத் தர மறுத்து, வேறொரு கம்பெனி தருகிறது என்றால், இரண்டாயிரம் கூடுதலானாலும் மாறிவிடுங்கள்.

'பம்பர் டு பம்பர்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். பம்பரே பிளாஸ்டிக்தான். பல கம்பெனிகள் ஐந்து வயதோடு இதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் தரும் கம்பெனிகள் இருக்கின்றன.

மாறினால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும் என்று இன்னமும் பலர் பயப்படுகிறார்கள். போகாது. முதல் வருடம் 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்தாவது வருடம் 50 சதவிகிதம் வரை ஏறும் இந்தச் சலுகை உரிமையாளருக்குச் சொந்தம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். அதைப் பறிகொடுக்கும் வழிகள் வேறு. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காமல் விடுவது ஒன்று. சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் க்ளெய்ம் போடுவது இன்னொன்று. 50 சதவிகித போனஸில் இருப்பவர் ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் வருடத்துக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால், இந்த ஐந்து ரினியூவல்களில் இழப்பது 12,500 ரூபாய். நாலாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்கு க்ளெய்ம் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். க்ளெய்ம் வாங்கியதை மறைத்துப் புதுக் கம்பெனியில் போனஸ் கேட்பது மட்டும் வேண்டாம். பழைய கம்பெனியிடம் விசாரித்தால் தெரிந்துவிடும், பெரிய க்ளெய்ம் வரும் நாளில் அதையே காரணம் காட்டுவார்கள்.

ரினியூவல் வரை காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. சி.என்.ஜி. கிட் பொருத்தினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் உடனே பதிய வேண்டும். பழைய கார் வாங்கினால் 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாகவே வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. விற்றவர் பெயரிலேயே பாலிசி இருந்து, வண்டி இடித்துக்கொண்டால், பணம் அவருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது.

காரை விற்பவர் நீங்கள் என்றால், வாங்குபவரிடம் சாவியைக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. கம்பெனிக்கு எழுதி, போனஸுக்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் அடுத்த கார் வாங்கும்போது, ஷோரூம்காரர் நீட்டும் பாலிசியில் அந்தச் சலுகையைக் கழிக்கச் சொல்லலாம். அங்கேயே இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.